வரியை மிச்சம் பண்ண வீடு வாங்காதீங்க!

1/
பிப்ரவரி, மார்ச் வந்தால் எங்கள் டாக்டர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பேச்சுதான். "இந்த வருஷம் டாக்ஸ் ரொம்ப போகுது சார், பேசாம ஒரு ஃபிளாட் போட்டுடலாமா?"

டாக்டர்கள் மட்டுமல்ல. ஐடியில் இருப்பவர்கள், பேங்க் மேனேஜர்கள், கன்சல்டன்ட்கள், கணவன் மனைவி இருவரும் நல்ல சம்பளம் வாங்கும் குடும்பங்கள் என்று எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நான் ஆடிட்டர் இல்லை, மருத்துவர். ஆனால் இந்த முடிவின் பின்விளைவுகள் கடைசியில் எங்கள் ஓபிக்கும் வருகின்றன. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

2/
பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடியிருக்க வீடு வேண்டுமா? தாராளமா வாங்குங்க.
கணக்குப் போட்டுப் பார்த்து, நல்ல முதலீடு என்று தெரிந்து மனை வாங்குகிறீர்களா? வாங்குங்க.
வரியை மிச்சம் பண்ண வேண்டும் என்பதற்காக மட்டும் வாங்குகிறீர்களா? வாங்காதீங்க.

அது பேஷண்டை விட்டுவிட்டு அவருடைய லேப் ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்ப்பது மாதிரி. ரிப்போர்ட்டில் நம்பர் இறங்கும். ஆள் தேறியிருக்க மாட்டார்.

3/
முதலில் ஒரு அடிப்படை விஷயம். வரிக் கழிவு என்பது தள்ளுபடி இல்லை.

நீங்கள் 30% வரம்பில் இருக்கிறீர்கள். 4% செஸ் சேர்த்தால் 31.2%. வீட்டுக் கடனுக்கு 1 லட்சம் ரூபாய் வட்டி கட்டி, அதைக் கழிவாகக் காட்டினால் உங்களுக்கு மிச்சம் 31,200 ரூபாய். மீதி 68,800 ரூபாய்? அது பேங்குக்குப் போய்விட்டது. திரும்பி வராது.

அதாவது அரசாங்கத்துக்கு 31 ரூபாய் கொடுக்க மனசில்லாமல் பேங்குக்கு 100 ரூபாய் கொடுக்கிறோம். இதற்குப் பெயர்தான் 'டாக்ஸ் சேவிங்' என்று சொல்லித் தருகிறார்கள்.

4/
அடுத்தது, அந்த 31 ரூபாயாவது மிச்சமாகிறதா? இங்கேதான் பலர் பழைய ஞாபகத்திலேயே இருக்கிறார்கள்.

2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறைதான் இயல்பான முறை. பழையது வேண்டும் என்றால் நீங்களாகத் தேர்வு செய்ய வேண்டும்.

2025-26க்குப் புதிய முறையின் அடுக்குகள் இவை:
4 லட்சம் வரை வரி இல்லை
4 முதல் 8 லட்சம் வரை 5%
8 முதல் 12 வரை 10%
12 முதல் 16 வரை 15%
16 முதல் 20 வரை 20%
20 முதல் 24 வரை 25%
24 லட்சத்துக்கு மேல் 30%

பழைய முறையில் 10 லட்சத்தைத் தாண்டினாலே 30%. வித்தியாசம் புரிகிறதா?

5/
ஒரு கணக்கு போடுவோம். பேனா எடுத்துக்குங்க.

ஆண்டுச் சம்பளம் 24.75 லட்சம். புதிய முறை. நிலைக் கழிவு 75,000 போக 24 லட்சம். வரி 3 லட்சம், செஸ்ஸோடு 3,12,000 ரூபாய். இதற்காக நீங்கள் எதையும் வாங்கவில்லை. எல்ஐசி இல்லை, ஃபிளாட் இல்லை, ஒன்றும் இல்லை.

அதே ஆள், பழைய முறை. நிலைக் கழிவு 50,000. 80சி முழுசா 1.5 லட்சம். வாடகைக்கு விட்ட ஃபிளாட்டின் வட்டி நஷ்டம் 2 லட்சம். மருத்துவக் காப்பீடு 25,000. என்பிஎஸ் 50,000. எல்லாம் போக 20 லட்சம். வரி 4,12,500. செஸ்ஸோடு 4,29,000 ரூபாய்.

இன்னொரு தடவை படிங்க. ஃபிளாட் வாங்கி, எல்ஐசி போட்டு, என்பிஎஸ் போட்டு, எல்லாம் செய்தவர் சும்மா இருந்தவரைவிட 1,17,000 ரூபாய் அதிகமாக வரி கட்டுகிறார்.

6/
"எனக்கு எச்ஆர்ஏ இருக்கே டாக்டர்?"

நல்ல கேள்வி. மேலே உள்ள கணக்கில் எச்ஆர்ஏ கழிவு 3 லட்சம் சேர்த்தாலும் பழைய முறையில் செஸ்ஸுக்கு முன் வரி 3,22,500. புதிய முறையில் 3 லட்சம். இன்னும் புதியதுதான் குறைவு.

இந்தச் சம்பளத்திலும் இதற்கு மேலேயும், நிலைக் கழிவு நீங்கலாக சுமார் 8 லட்சம் ரூபாய்க்குக் கழிவு காட்ட முடிந்தால்தான் பழைய முறை லாபம். சென்னையில் பெரிய வாடகை கொடுப்பவர்கள் சிலருக்கு அது சாத்தியம். பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

7/
சரி, புதிய முறையில் வீட்டுக் கடன் வட்டிக்கு என்ன ஆகும்?

நீங்கள் குடியிருக்கும் வீடு என்றால் கழிவு கிடையாது. பூஜ்யம்.
வாடகைக்கு விட்ட வீடு என்றால், வட்டியை அந்த வாடகையில் மட்டும் கழிக்கலாம். வாடகையைத் தாண்டிய நஷ்டத்தைச் சம்பளத்திலோ கிளினிக் வருமானத்திலோ கழிக்க முடியாது.

"லோன் போட்டா டாக்ஸ் குறையும்" என்று புரோக்கர் சொல்வது பத்து வருஷத்துக்கு முந்தைய மருந்துச் சீட்டு. அதிலேயே, 2017-18 நிதியாண்டிலிருந்து பழைய முறையிலும் ஒரு வருஷத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் நஷ்டம் கழிக்க முடியாது. காலாவதியான மருந்தை யாராவது இலவசமாகக் கொடுத்தால் சாப்பிடுவோமா?

8/
"எனக்குப் பழைய முறைதான் லாபம்னு ஆடிட்டர் சொல்லிட்டார்." சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். இப்போது ஃபிளாட் கணக்கு.

80 லட்சத்துக்கு ஒரு ரீசேல் ஃபிளாட். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. புரோக்கர், வக்கீல் எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 88 லட்சம். லோன் 60 லட்சம், 8.5%, 20 வருஷம். கைக்காசு 28 லட்சம்.

இஎம்ஐ மாதம் சுமார் 52,000. முதல் வருஷம் கட்டும் 6.25 லட்சத்தில் வட்டி மட்டும் 5.05 லட்சம். அசல் 1.2 லட்சம்தான். அந்த அசலுக்கும் 80சியில் இடம் இருக்காது. பிஎஃப்பும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுமே 1.5 லட்சத்தை நிரப்பியிருக்கும்.

9/
வாடகை மாதம் 20,000 என்று வைப்போம். வருஷத்துக்கு 2.4 லட்சம். சொத்து வரி, பெயின்ட், பிளம்பர், ஒரு மாசம் காலியாகக் கிடப்பது எல்லாம் போக கையில் 2 லட்சம்.
வரி மிச்சம், அதிகபட்சம் 62,400 ரூபாய் (2 லட்சத்தில் 31.2%).

வட்டி 5.05 லட்சம். வாடகையும் வரி மிச்சமும் சேர்த்து 2.62 லட்சம்.
ஆக, முதல் வருஷம் கையிலிருந்து கரைவது 2.43 லட்சம்.

இதோடு அந்த 28 லட்சத்தை 6.5% எஃப்டியில் போட்டிருந்தால் வரி போக 1.25 லட்சம் வந்திருக்கும். வாங்கும்போது செலவான 8 லட்சத்தைப் பத்து வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 80,000.

மொத்தம் சுமார் 4.5 லட்சம். அதாவது, ஒன்றுமே செய்யாமல் எஃப்டியில் போட்டவரோடு சமமாக நிற்பதற்கே ஃபிளாட் விலை வருஷத்துக்கு 5.6% ஏற வேண்டும். லாபம் அதற்கு அப்புறம்தான்.

10/
"விலை அதைவிட அதிகமா ஏறும் டாக்டர்!"

ஏறலாம். சில இடங்களில் நிச்சயம் ஏறியிருக்கிறது. அப்படி ஏறும் என்று நீங்கள் அந்த ஏரியாவைப் பார்த்து, தண்ணீர், ரோடு, அக்கம்பக்கத்து விலை, காலியாகக் கிடக்கும் ஃபிளாட் எண்ணிக்கை எல்லாம் விசாரித்து நம்பினால் அது ஒரு முதலீட்டு முடிவு. மதிக்கிறேன்.

ஆனால் அந்த முடிவில் 62,400 ரூபாய் வரி மிச்சத்துக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். 80 லட்சம் ரூபாய் முடிவை 62,400 ரூபாய் தீர்மானிக்கக் கூடாது.

ஒரு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். கையில் காசு தங்காதவர்களுக்கு இஎம்ஐ ஒரு கட்டாயச் சேமிப்பு. உண்மைதான். ஆனால் மாதம் 5,000 ரூபாய் ஆர்டியோ, எஸ்ஐபியோ அதே கட்டுப்பாட்டை மலிவாகத் தரும்.

11/
"எங்கப்பா 1990ல் 1 லட்சத்துக்கு வாங்கின மனை இன்னிக்கு 50 லட்சம்!"

கேட்கவே நன்றாக இருக்கிறது. கணக்குப் போடுங்கள். 35 வருஷத்தில் 50 மடங்கு என்றால் ஆண்டுக்கு 11.8% கூட்டு வளர்ச்சி. நல்ல வருமானம்தான். மாயாஜாலம் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். அப்பா கடன் வாங்காமல் வாங்கினார். வட்டி கட்டவில்லை. 35 வருஷம் தொடவில்லை. நீங்கள் 8.5% வட்டிக்கு வாங்கி, ஏழாவது வருஷம் பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு விற்கப் பார்க்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

மேலும், ஏறின மனையின் கதையை எல்லாரும் சொல்வார்கள். ஆக்கிரமிப்பில் போன மனை, பங்காளி கேஸில் சிக்கிய மனை, அங்கீகாரம் இல்லாததால் விற்க முடியாத மனை இவற்றின் கதையைக் கல்யாண வீட்டில் யாரும் சொல்வதில்லை.

12/
இப்போது யூடியூப் வைத்தியம். "ரியல் எஸ்டேட் வாங்கினால் பணக்காரர்கள் வரியே கட்டுவதில்லை" என்று அமெரிக்க வீடியோக்கள் வருகின்றன. நம் ஊர் ஆட்கள் அதைத் தமிழில் அப்படியே பேசுகிறார்கள்.

அங்கே வாடகை வீட்டின் கட்டிட மதிப்பை 27.5 வருஷத்தில் தேய்மானமாகக் கழிக்கலாம். வருஷத்துக்கு 750 மணி நேரத்துக்கு மேலும், தன் மொத்த வேலை நேரத்தில் பாதிக்கு மேலும் ரியல் எஸ்டேட்டில் செலவிடுபவர்களுக்குக் கூடுதல் சலுகை உண்டு. அங்குள்ள டாக்டர் குடும்பங்களில் ஒருவர் மருத்துவம், இன்னொருவர் ரியல் எஸ்டேட் என்று திட்டமிடுவது அதனால்தான்.

இந்தியாவில் வாடகை வருமானத்துக்குத் தேய்மானம் கிடையாது. சொத்து வரி போக மீதி வாடகையில் 30% நிலைக் கழிவு, அப்புறம் வட்டி. அவ்வளவுதான். வேறு ரத்த குரூப்பை ஏற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

13/
கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு இன்னும் கவனம் தேவை.

வீடு கட்டி முடியும் வரை வட்டிக் கழிவு கிடையாது. பழைய முறையிலும் முடிந்த பிறகுதான், முந்தைய வட்டியை ஐந்து தவணையாகப் பிரித்துக் காட்டலாம். பில்டர் மூன்று வருஷம் இழுத்தால் நீங்கள் இங்கே வாடகை, அங்கே இஎம்ஐ இரண்டும் கட்டிக்கொண்டு, வரியிலும் ஒன்றும் காணாமல் நிற்பீர்கள். விலைக்கு மேல் ஜிஎஸ்டி வேறு.

ரெரா பதிவு எண் இல்லாத புராஜெக்ட் என்றால் பிரவுச்சரைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

14/
"50 லட்சம் பத்திரத்துல, 30 லட்சம் கையில. உங்களுக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் செலவு மிச்சம் சார்."

இந்த டயலாக்கைக் கேட்காதவர்கள் குறைவு. சட்டத்தை விடுங்கள், லாப நஷ்டம் மட்டும் பார்ப்போம். அந்தச் சொத்தை நாளைக்கு 1 கோடிக்கு முழு வெள்ளையில் விற்கிறீர்கள். உண்மையான லாபம் 20 லட்சம். ஆனால் பத்திரப்படி லாபம் 50 லட்சம். 12.5% வரி 2.5 லட்சத்துக்குப் பதில் 6.25 லட்சம். விற்றவரின் வரியை நீங்கள் கட்டுகிறீர்கள்!

இப்போது சட்டம். சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகை அபராதம் வரலாம். கொடுத்த உங்களிடம் "இந்த 30 லட்சம் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி வரும். மாதச் சம்பளக்காரரிடம் இதற்கு நல்ல பதில் இருக்காது.

15/
"வொய்ஃப் பேர்ல வாங்கிட்டா வரி வராதுல்ல?"

வரும். உங்கள் பணத்தை மனைவிக்கு அன்பளிப்பாகக் கொடுத்து அவர் பெயரில் வாங்கினால், வாடகை உங்கள் வருமானத்தோடுதான் சேரும். அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினால் அது அவருடைய வருமானம். இருவரும் பணம் போட்டு, இருவரும் லோன் கட்டினால் பங்குக்கு ஏற்ப இருவருக்கும்.

மனைவி பெயரில் சொத்து இருப்பது நல்ல விஷயம்தான். பாதுகாப்புக்காகச் செய்யுங்கள், மரியாதைக்காகச் செய்யுங்கள். வரியை ஏமாற்றும் வழி என்று நினைத்துச் செய்யாதீர்கள்.

மாமா, டிரைவர், வேலைக்காரர் பெயரில் வாங்குவது? அது பினாமி. சொத்து பறிமுதல் ஆகும். ஏழு வருஷம் வரை சிறை உண்டு.

16/
விற்கும்போதும் இதே நோய் திரும்ப வரும்.

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த நிலம், வீட்டுக்கு நீண்ட கால லாப வரி 12.5%. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியது என்றால், இங்கே வசிப்பவர்கள் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20% கணக்கையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம்.

வீட்டை விற்ற லாபத்தில் குறிப்பிட்ட காலத்துக்குள் இன்னொரு வீடு வாங்கினால் விலக்கு உண்டு. ஆறு மாதத்துக்குள் அரசு நிறுவனப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போட்டாலும் உண்டு. ஐந்து வருஷம் எடுக்க முடியாது.

தேவை இருந்தால் பயன்படுத்துங்கள். ஆனால் 20 லட்சம் லாபத்துக்கு 2.5 லட்சம் வரி என்று பயந்து, அவசர அவசரமாகப் பிடிக்காத இடத்தில் இன்னொரு 70 லட்சம் ஃபிளாட் வாங்குபவர்களைப் பார்க்கிறேன். 2.5 லட்சத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

17/
"அப்போ அதிகம் சம்பாதிக்கிறவனுக்கு வழியே இல்லையா டாக்டர்?" இருக்கிறது. ஆனால் கவர்ச்சி இல்லாத வழிகள்.

சம்பளக்காரர்களுக்கு: புதிய முறையிலும் நிறுவனம் உங்கள் என்பிஎஸ் கணக்கில் அடிப்படைச் சம்பளத்தில் 14% வரை போடுவதற்குக் கழிவு உண்டு. எச்ஆரிடம் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை.

தனியாக பிராக்டீஸ் செய்யும் டாக்டர், வக்கீல், ஆர்கிடெக்ட் போன்றவர்களுக்கு: வருஷ வரவு 50 லட்சம் வரை (ரொக்கம் 5%க்குள் இருந்தால் 75 லட்சம் வரை) அதில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் எளிய முறை சட்டத்திலேயே இருக்கிறது. 40 லட்சம் வரவு என்றால் 20 லட்சம் வருமானம். புதிய முறையில் வரி செஸ்ஸோடு 2,08,000 ரூபாய். ஒரு ஃபிளாட்டும் தேவையில்லை.

18/
முழுக் கணக்கு எழுதுபவர்களுக்கு: கிளினிக் வாடகை, நர்ஸ் சம்பளம், இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ், உபகரணத்தின் தேய்மானம் இவையெல்லாம் புதிய முறையிலும் செலவாகக் கழியும்.

நீங்கள் சொந்தமாக கிளினிக் கட்டிடம் வாங்கி அதிலேயே தொழில் செய்தால், அந்தக் கடனின் வட்டி தொழில் செலவு. கட்டிடத்துக்குத் தேய்மானமும் உண்டு. அதிகம் சம்பாதிப்பவர் சொத்து வாங்குவதில் வரிக் கணக்கு உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது. காரணம், அது உங்கள் தொழிலுக்குத் தேவைப்பட்ட சொத்து.

முன்கூட்டிய வரியை ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 தேதிகளில் கட்டுங்கள். பாதியை லாபமாகக் காட்டுபவர்கள் மார்ச் 15க்குள் மொத்தமாகக் கட்டினால் போதும். தாமத வட்டி மிச்சமாவதும் வரிச் சேமிப்புதான்.

எச்சரிக்கை: தொழில் வருமானம் உள்ளவர்கள் பழைய முறைக்குப் போய்விட்டுப் புதியதற்குத் திரும்பினால், மறுபடி பழையதற்குப் போக முடியாது. ஆடிட்டரிடம் பேசாமல் மாற்றாதீர்கள்.

19/
இனி என் துறைக்கு வருகிறேன். இந்தப் பதிவின் உண்மையான காரணம் இதுதான்.

நாற்பதுகளில் முதல் ஹார்ட் அட்டாக்கோடு வருகிறார்கள். ஸ்டென்ட் வைத்து, உயிர் பிழைத்து, மறுநாள் காலை ரவுண்ட்ஸில் முதல் கேள்வி "நான் நல்லாயிடுவேனா?" இல்லை. "எப்போ வேலைக்குப் போகலாம் டாக்டர்? இஎம்ஐ இருக்கு."

தூக்கம் வரவில்லை என்று வருபவர்களில், பிபி மாத்திரை இரண்டு மூன்றாகியும் அடங்காதவர்களில், "வேலையில் கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்றால் சிரிப்பவர்களில் பலரிடம் இரண்டு வீட்டு லோன் இருக்கிறது. டாக்டர்களும் விதிவிலக்கு இல்லை. பகலில் ஒரு ஆஸ்பத்திரி, சாயங்காலம் ஒன்று, ராத்திரி இன்னொன்று. எதற்கு? யாரோ குடியிருக்கும் ஃபிளாட்டுக்கு.

20/
40 வயதில் வருஷம் 30 லட்சம் சம்பாதிப்பவர், இன்க்ரிமென்ட்டே இல்லாவிட்டாலும் 60 வயதுக்குள் 6 கோடி சம்பாதிப்பார். அவர் வாங்கும் எந்த ஃபிளாட்டும் அதற்கு ஈடில்லை. அந்த 6 கோடி இருப்பது அவர் உடம்பில்.

அதற்கு என்ன பாதுகாப்பு செய்திருக்கிறீர்கள்? 80 லட்சம் ஃபிளாட் வைத்திருந்தும் டேர்ம் இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் எத்தனை பேர்! ஆபீஸ் தரும் 5 லட்சம் காப்பீட்டைத் தவிர குடும்பத்துக்குத் தனி மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் எத்தனை பேர்!

ஐசியூ பில் வரும்போது ஃபிளாட்டில் இருந்து ஒரு பெட்ரூமை மட்டும் விற்க முடியாது. விற்றால் முழுசாக விற்க வேண்டும். அவசரமாக விற்பவனுக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

21/
ரியல் எஸ்டேட்டில் இருக்க வேண்டும், ஆனால் 80 லட்சம் கடனும் குடித்தனக்காரர் தலைவலியும் வேண்டாம் என்றால், 'ரீட்' என்று ஒரு வழி இருக்கிறது. பெரிய அலுவலகக் கட்டிடங்கள், மால்களின் வாடகை வருமானத்தில் பங்கு. 2019ல் இந்தியாவின் முதல் ரீட்டாக எம்பசி பட்டியலானது. பிறகு மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, நெக்சஸ் வந்தன. ஷேர் மாதிரி ஒரு யூனிட்கூட வாங்கலாம், தேவைப்பட்டால் விற்கலாம். விலை ஏறும், இறங்கும். இது பரிந்துரை இல்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்ற தகவல் மட்டும்.

22/
இதையெல்லாம் தாண்டியும் வாங்குவது என்று முடிவு செய்தால், தமிழ்நாட்டில் குறைந்தபட்சம் இவற்றைப் பாருங்கள்.

• தாய்ப் பத்திரத்திலிருந்து இன்றுவரை பத்திரத் தொடர்ச்சி
• 30 வருஷ வில்லங்கச் சான்று. ஆனால் பதிவாகாத ஒப்பந்தம், உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை இதில் தெரியாது. அதனால் வக்கீல் கருத்து அவசியம்
• விற்பவர் பெயரில் பட்டா. மனை அளவும் புல வரைபடமும் பொருந்துகிறதா?
• டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அங்கீகாரம். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று ஒன்றை நம்பாதீர்கள்
• மழைக்காலத்தில் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். சென்னைக்கு இது மிக முக்கியம்
• விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1% டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் விதியே வேறு. கட்டாயம் ஆடிட்டரைப் பாருங்கள்

23/
அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள்.

ஒன்று: வரிச் சலுகை சுத்தமாக இல்லை என்றாலும் இதை வாங்குவேனா?
இரண்டு: ஆறு மாதம் என்னால் வேலைக்குப் போக முடியாமல் போனால் இஎம்ஐ எங்கிருந்து வரும்?
மூன்று: நாளைக்கு நான் இல்லை என்றால், பத்திரம் எங்கே, லோன் எவ்வளவு, யாரைக் கேட்க வேண்டும் என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரியுமா?

மூன்றுக்கும் தைரியமாகப் பதில் சொல்ல முடிந்தால் வாங்குங்க. ஒன்றுக்குத் தடுமாறினாலும் இந்த மார்ச்சை விட்டுவிடுங்க. நிலம் எங்கேயும் ஓடிப்போகாது.

24/
கடைசியாக ஒன்று. வரி கட்டுவதை ஒரு நோய் மாதிரிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது.

அரசு மருத்துவக் கல்லூரியில் படித்த என் போன்றவர்களின் படிப்புக்குப் பணம் வந்தது வரியிலிருந்துதான். விபத்தில் அடிபட்டவரை 108 ஆம்புலன்ஸ் தூக்கிக்கொண்டு வருவதும் வரிப்பணத்தில்தான். சட்டப்படி எவ்வளவு குறைக்க முடியுமோ குறைப்போம், அது நம் உரிமை. மீதியைக் கட்டிவிட்டுத் தூங்குவோம்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறும். 31 ரூபாய் மிச்சம் பண்ண 100 ரூபாய் செலவழிக்கக் கூடாது என்ற கணக்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் மாறாது.

உங்கள் வருமானத்துக்கு ஏற்ற கணக்கை ஆடிட்டரோடு உட்கார்ந்து போடுங்கள். ஃபிளாட் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நண்பருக்கு இதை அனுப்புங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அனுப்புங்கள்.